ஏரியடியில் ஒரு வேற்று மீன்

நீர்மேல் மிதக்கும் களை கண்ணுக்குப் புலப்படும். ஏரியின் அடித்தரையில் மறைந்து வாழும் மீனைக் காண்பது எங்ஙனம்?

ரவுண்ட் கோபி என்பது, கருங்கடல், கஸ்பியன் கடற்பகுதிகளுக்குரிய சிறுமீன். நம் உளுவைக்கு உறவானது. கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றிவந்த நீரோடு வட அமெரிக்காவை அடைந்து, 1990இல் சென் கிளேயர் ஆற்றில் அகப்பட்டது. பத்தாண்டுக்குள் ஐந்து பேரேரிகளிலும் பரவிற்று. அங்குள்ள மீன்களின் முட்டைகளை அது தின்றுவிடுகின்றது.

ஆய்வாளர் இழுவலையால் அடித்தரையை அரித்துப் பார்க்கின்றனர். மீன் நீரில் விட்டுச்சென்ற மரபணுத் தடயங்களையும் தேடுகின்றனர். பாறையிடுக்குகளில் இழுவலை செல்லாது. ஆதலின் தூண்டிற்காரரின் கண்ணும் வேண்டும். அங்கு இதையொத்த மீன்களுக்கு வயிற்றுத் துடுப்புகள் இரண்டு. இதற்கோ அவை இணைந்து ஒரே கிண்ணம்போல் இருக்கும். இவ்வடையாளத்தைக் கண்டவர், மீனை மீண்டும் நீரில் விடாது உரியோர்க்கு அறிவித்தால், அண்டை ஏரிகளைக் காக்க வழி பிறக்கும்.