மனிதத் தொடர்பாடல்

மனிதத் தொடர்பாடல் என்பது ஒருவர் தம் மனத்திலுள்ள கருத்தையோ உணர்வையோ தகவலையோ பேச்சு, எழுத்து, சைகை முதலிய குறிகளின் வழியாக மற்றொருவருக்குத் தெரிவிப்பதும், அவர் அதைப் புரிந்துகொள்வதும் சேர்ந்த செயல்முறை ஆகும். இதில் இரண்டாம் பாதிதான் பெரும்பாலும் மறக்கப்படுகிறது. சொல்லிவிட்டதாலேயே தொடர்பாடல் முடிந்துவிடுவதில்லை.

கூறுகள்

பாடநூல்களில் காணப்படும் தொடர்பாடல் படத்தின் மூலம், அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் பெல் ஆய்வகத்தில் பணியாற்றியபோது 1948-இல் வெளியிட்ட கட்டுரையாகும். அடுத்த ஆண்டு வாரன் வீவரின் விளக்கத்துடன் அது நூலாக வந்தது. தகவல் மூலம், அனுப்பும் கருவி, வழி, பெறும் கருவி, சேருமிடம் என ஐந்தும் அதில் ஒரே வரிசையில் நிற்கின்றன. இடையில் 'இரைச்சல்' குறுக்கிடுகிறது. ஷானன் ஆராய்ந்தது தந்தி, தொலைபேசி போன்றவற்றில் செல்லும் குறிகளை. செய்தியின் பொருள் தம் கணக்கில் சேராது என்று அவரே கட்டுரையின் தொடக்கத்தில் கூறிவிட்டார். தேர்வுக்காக இப்படத்தை வரையும் மாணவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது. கம்பியில் குறி பழுதின்றிச் சென்றாலும் பொருள் பழுதாகிப் போகலாம்.

பொருளைப் பற்றிய விளக்கத்தை வில்பர் ஷ்ராம் 1954-இல் சேர்த்தார். பேசுபவர், கேட்பவர் இருவரின் அனுபவப் பரப்புகளும் எந்த அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று படிகின்றனவோ அந்த அளவுக்கே புரிதல் நிகழும் என்பது அவர் கருத்து. விடைபெறும் தமிழர் "வருகிறேன்" என்கிறார். அகராதி பார்த்துத் தமிழ் கற்ற ஒருவர், அவர் எங்கோ இருந்து வரப்போகிறார் என்றுதான் எண்ணுவார். இங்கு ஒலியில் குறையில்லை, இலக்கணத்திலும் குறையில்லை.

சொல்லல்லாத குறிகள்

முகபாவம், குரலின் ஏற்ற இறக்கம், நிற்கும் தொலைவு, மௌனம் ஆகியனவும் செய்தி தருகின்றன. தொடர்பாடலில் சொற்களின் பங்கு 7 விழுக்காடு மட்டுமே என்று பல பயிற்சி வகுப்புகளில் கூறப்படுவது தவறு. ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் வெளியிட்ட ஆய்வுகள் விருப்பு வெறுப்பை வெளிக்காட்டும் தனிச்சொற்கள், குரல், முகப்படங்கள் ஆகியவற்றைப் பற்றியவை. எல்லாப் பேச்சுக்கும் அந்த எண் பொருந்தாது. பொருந்துமானால் மொழி தெரியாத திரைப்படம் முழுவதும் நமக்குப் புரிந்துவிட வேண்டுமே!

ஒரு விபத்து

தொடர்பாடலின் கூறுகள் ஒவ்வொன்றும் எவ்வாறு பிழைபடும் என்பதை 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினுக்கு உரிய டெனெரீப் தீவில் நடந்த விபத்து காட்டுகிறது. லாஸ் பால்மாஸ் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் பல விமானங்கள் டெனெரீபுக்குத் திருப்பிவிடப்பட்டன. மாலையில் கடும் மூடுபனி. கே.எல்.எம். விமானம் ஓடுபாதையின் ஒரு முனையில் புறப்படத் தயாராக நின்றது. அதே பாதையில் பான் ஆம் விமானம் ஊர்ந்துகொண்டிருந்தது. ஒன்று மற்றொன்றின் கண்ணுக்குத் தெரியவில்லை. கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு இரண்டுமே தெரியவில்லை. எல்லாரும் வானொலிக் குரலை மட்டுமே நம்பியிருந்தனர்.

கோபுரம் கே.எல்.எம்.முக்குத் தந்தது, மேலெழுந்தபின் செல்லவேண்டிய வழிக்கான அனுமதி மட்டுமே. ஆனால் அந்த வாசகத்தில் 'மேலெழுதல்' என்னும் சொல் இருந்தது. துணை விமானி அதைத் திரும்பக் கூறி, தாங்கள் இப்போது மேலெழும் நிலையில் இருப்பதாகச் சேர்த்துச் சொன்னார். அதற்குள் விமானம் ஓடத் தொடங்கியிருந்தது. டச்சுக்காரர் ஆங்கிலத்தில் சொன்ன அத்தொடரை, ஸ்பானியக் கட்டுப்பாட்டாளர் 'காத்து நிற்கிறோம்' என்று புரிந்துகொண்டார். "சரி" என்றார். சிறு இடைவெளிக்குப்பின், அழைக்கும்வரை காத்திருக்கும்படி கூறினார். அதே கணத்தில், தாங்கள் இன்னும் ஓடுபாதையில் இருப்பதாகப் பான் ஆம் விமானியும் பேசினார். ஒரே அலைவரிசையில் இரு குரல்கள் மோதியதால் கே.எல்.எம். அறையில் தெளிவாகக் கேட்டது "சரி" மட்டுமே. எஞ்சியது கீச்சொலியில் கரைந்தது. ஷானன் குறித்த இரைச்சல் இதுதான்.

இன்னொரு வாய்ப்பும் இருந்தது. பான் ஆம் விமானம் பாதையை விட்டு விலகவில்லையா என்று கே.எல்.எம். விமானப் பொறியாளர் கேட்டார். விலகிவிட்டது என்று தலைமை விமானி உறுதியாகச் சொன்னார். அவர் அந்நிறுவனத்தின் மூத்த பயிற்றுநர். பொறியாளர் மீண்டும் கேட்கவில்லை. சில நொடிகளில் விமானங்கள் மோதி 583 பேர் இறந்தனர், 61 பேர் உயிர்தப்பினர்.

பின்னூட்டம்

கேட்டவர் தாம் புரிந்துகொண்டதைத் திருப்பித் தெரிவிப்பது பின்னூட்டம். "சரி" என்பது மிக வலுவற்ற பின்னூட்டம், ஏனெனில் எது சரி என்பதை அது சொல்வதில்லை. வகுப்பில் "புரிந்ததா?" என்ற கேள்விக்கு ஒரே குரலில் வரும் "புரிந்தது" என்பதும் இவ்வகையே. பாடத்தை மாணவர் தம் சொற்களில் கூறும்போதுதான் உண்மை வெளிப்படும்.

விபத்துக்குப்பின் வானொலி உரையாடலின் விதிகள் இறுக்கப்பட்டன. 'மேலெழுதல்' என்னும் சொல், அதற்கான அனுமதியைத் தரும்போதும் திரும்பப் பெறும்போதும் மட்டுமே பயன்படும். மற்ற இடங்களில் 'புறப்பாடு' என்றே கூறப்படும். முக்கிய அனுமதிகளை விமானி முழுமையாகத் திரும்பச் சொல்லவேண்டும், கட்டுப்பாட்டாளர் அதைச் சரிபார்க்கவேண்டும். மூத்தவர் தவறு செய்வதாகத் தோன்றினால் இளையவர் தயங்காமல் அதை எடுத்துக்கூறுவதும் இன்று விமானிகளின் பயிற்சியில் ஒரு பகுதியாக உள்ளது.