பழைய கணினியும் புதிய சாதனங்களும்: எது பொருந்தும், எது பொருந்தாது?

2001 அக்டோபரில் வெளிவந்து, 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்டின் ஆதரவை இழந்துவிட்ட விண்டோஸ் எக்ஸ்பியை இன்னமும் வைத்திருப்போரில் பலர் பிடிவாதத்தினால் அவ்வாறு செய்யவில்லை. லட்சக்கணக்கில் செலவிட்டு வாங்கிய ஆய்வுக்கூடக் கருவியோ, பட்டறையில் இரும்பைக் கடையும் யந்திரமோ அந்தக் கணினியிலுள்ள மென்பொருளுக்கு மட்டுமே கட்டுப்படுவதால், யந்திரம் உழைக்கும்வரை கணினியையும் காப்பாற்ற வேண்டிய நிர்ப்பந்தம் அவர்களுக்கு உண்டாகிறது. ஆனால் பழைய மௌஸோ பிரிண்டரோ பழுதானால் கடையில் கிடைப்பது புதியதுதான். அது பழைய கணினியில் இயங்குமா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்த விஷயமன்று. அதற்குத் திட்டமான காரணங்கள் உண்டு.

எந்தச் சாதனத்துக்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் நடுவே துபாஷியாக நிற்பது டிரைவர் என்னும் சிறு மென்பொருள். சாதனம் தன் உற்பத்தியாளருக்கே உரிய தனிமுறையில் பேசுமானால், அவர் எக்ஸ்பிக்கென்று டிரைவர் எழுதித் தந்தாலொழிய அதனால் பிரயோஜனமில்லை. அவ்வாறன்றி, யுஎஸ்பி விதிகளில் எல்லாருக்கும் பொதுவாக வகுக்கப்பட்ட ஒரு சாதன வகுப்பை அது அனுசரிக்குமானால், அவ்வகுப்பை அறிந்த எந்தப் பழைய சிஸ்டமும் நேற்று உற்பத்தியான சாதனத்தையும் ஏற்றுக்கொள்ளும். புதிய கீபோர்டும் மௌஸும் எக்ஸ்பியில் செருகியவுடன் இயங்குவது இதனாலேதான். விண்டோஸ் 98-க்குக் கீபோர்டு வகுப்பு தெரிந்திருந்தும் சேமிப்புச் சாதன வகுப்பு தெரியாததால், அதில் பென் டிரைவ் ஒவ்வொன்றுக்கும் தனி டிரைவர் தேவைப்பட்டது. 2000-இல் வந்த விண்டோஸ் எம்இ-யில் அந்தச் சிரமம் நீங்கிற்று.

யுஎஸ்பி 3.0 பென் டிரைவ் எக்ஸ்பிக்கு ஆகாதென்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அதைப் பழைய யுஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகினால், விநாடிக்கு அதிகபட்சம் 480 மெகாபிட் என்னும் பழைய வேகத்துக்குள் தாராளமாக இயங்கும். டிரைவர் தேவைப்படுவது போர்ட்டே புதியதாயிருக்கும்போதுதான்; யுஎஸ்பி 3.0 போர்ட்டுக்கான டிரைவரை மைக்ரோசாஃப்ட் தன் சிஸ்டத்திலேயே சேர்த்தது 2012-இல் வந்த விண்டோஸ் 8-இல்தான்.

டிஸ்க் விஷயத்தில் தடை வேறுவிதமானது. எக்ஸ்பி அறிந்த எம்பிஆர் என்னும் டிஸ்க் பிரிப்பு முறையில் ஒவ்வொரு செக்டாரின் எண்ணும் 32 பிட்டுக்குள் அடங்க வேண்டும். செக்டார் ஒன்றுக்கு 512 பைட் என்று பெருக்கினால், எல்லை 2 டெராபைட்டில் நின்றுவிடுகிறது. 32 பிட் எக்ஸ்பியால் பெரிய டிஸ்க்குகளுக்கான ஜிபிடி முறையைப் படிக்க இயலாது. ஆகவே 2 டெராபைட்டுக்கு உட்பட்ட டிஸ்க்கை வாங்கி எம்பிஆர் முறையில் பிரித்துக்கொள்வதே உசிதம். எக்ஸ்ஃபாட் முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவைப் படிக்க, 2009-இல் வெளியான அப்டேட் ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

பிரிண்டர் வாங்குவோர், அது பிசிஎல் அல்லது போஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் பொதுவான அச்சு மொழியை அறிந்ததா என்று முதலில் விசாரிக்க வேண்டும். அறிந்ததாயின், எக்ஸ்பியில் ஏற்கெனவே இருக்கும் பழைய லேசர் பிரிண்டர் ஒன்றின் டிரைவரைக் கொண்டே பெரும்பாலும் அச்சடித்துவிடலாம். சில விசேஷ வசதிகள் மட்டும் கிட்டாமற் போகும். பக்கத்தை உருவாக்கும் வேலை முழுவதையும் கணினியின் தலையில் சுமத்தும் மலிவான பிரிண்டர்களுக்கு இந்த வழி பயன்படாது.

செருகிய சாதனத்தைக் கணினி அறியாதபோது, டிவைஸ் மேனேஜரில் அதன் அருகே மஞ்சள் நிறக் கேள்விக்குறி தோன்றும். அதன் பிராப்பர்ட்டீஸில் டீடெயில்ஸ் பகுதியைத் திறந்தால், விஐடி, பிஐடி என்ற எழுத்துக்களை அடுத்து நான்கு நான்கு இலக்கங்கள் தென்படும். முன்னது உற்பத்தியாளரையும் பின்னது சாதனத்தையும் குறிக்கும். பெட்டியின்மேல் அச்சிட்ட பெயரைவிட இவ்வெண்களே நம்பத்தக்கவை. இவற்றைக் கொண்டு உற்பத்தியாளரிடமிருந்தே டிரைவரைத் தேடிப் பெற்று, ஒரு பிரதியைப் பத்திரப்படுத்துவது அவசியம்.

இவ்வளவும் செய்த பிறகும், பாதுகாப்புத் திருத்தங்கள் வராத அக்கணினியை இன்டர்நெட்டோடு இணைக்கலாகாது. 2017 மே மாதத்தில் வன்னாக்ரை என்னும் நாசகார மென்பொருள் பரவியபோது மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பிக்கும் ஒரு திருத்தத்தை வெளியிட்டதென்றாலும், அது விதிவிலக்கேயன்றி வழக்கமன்று. பென் டிரைவ்கள் வழியாகவும் வைரஸ் வருமாதலால், செருகியவுடன் மென்பொருளைத் தானே இயக்கும் ஆட்டோரன் வசதியை நிறுத்திவைப்பதும் முக்கியம்.

பொதுவிதியை அனுசரித்துச் செய்த சாதனம், தன்னை உண்டாக்கியவர்கள் நினைத்தும் பாராத பழைய கணினிக்கும் உதவுகிறது. தனிமுறையில் செய்ததோ, உற்பத்தியாளர் கைவிட்ட அன்றே ஆதரவற்றுப் போகிறது. ஆகையால் ஒரு பொருளை வாங்கும்போது விலையையும் வேகத்தையும் விசாரிப்பதுபோலவே, அது எந்தப் பொதுவிதியைப் பின்பற்றுகிறது என்பதையும் விசாரித்து வாங்குவது, இன்றைய பழைய கணினிக்கு மட்டுமல்ல, நாளை பழையதாகப்போகும் புதிய கணினிக்கும் நன்மை தரும்.