ஆழமாகத் தோண்டியவருக்கே தண்ணீர்! - ரயில்வே கிணறு எழுதிய டெக்சாஸ் சட்டம்

பக்கத்து நிலத்துக்காரர் ராட்சத போர்வெல் போடுகிறார். உங்கள் வீட்டுக் கிணறு வற்றிப்போகிறது. வழக்கு போட்டால், 'அவர் நிலத்தில் அவர் எடுக்கிறார், நஷ்டஈடு கிடையாது' என்று கோர்ட் சொன்னால் எப்படி இருக்கும்?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணத்தில் ஈஸ்ட் என்பவருக்கு அதுதான் நடந்தது. டெனிசன் நகரில் இருந்த அவருடைய வீட்டுக் கிணற்றின் ஆழம் 33 அடி. அகலம் வெறும் 5 அடி. 1901-ல் ஹூஸ்டன் அண்ட் டெக்சாஸ் சென்ட்ரல் ரயில்வே அருகிலிருந்த தன் நிலத்தில் 66 அடி ஆழம், 20 அடி அகலத்தில் ஒரு கிணறு வெட்டியது. நீராவி இன்ஜின்களுக்கும் பணிமனைக்குமாகத் தினமும் 25,000 கேலன், அதாவது சுமார் 95,000 லிட்டர் தண்ணீர் எடுத்தது. ஈஸ்ட்டின் கிணறு வறண்டது.

அவர் வழக்கு போட்டார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 206 டாலர் 25 சென்ட் நஷ்டஈடு தரச் சொன்னது. ஆனால், 1904-ல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் ரயில்வே பக்கம் நின்றது.

காரணம் என்ன?

நிலத்தடி நீர் எங்கிருந்து வருகிறது, எப்படி நகர்கிறது என்பது யாருக்கும் தெரியாத ரகசியம். எனவே, அதற்குச் சட்டம் வகுக்க முடியாது என்றது கோர்ட். வேண்டுமென்றே கெடுதல் செய்தாலோ, தண்ணீரை வீணடித்தாலோதான் கேள்வி கேட்க முடியும்.

இன்று நிலத்தடி நீரின் ஓட்டத்தை அளக்க முடிகிறது. நீராவி இன்ஜின்களும் போய்விட்டன. விதி மட்டும் போகவில்லை. தினமும் சுமார் 90,000 கேலன் உறிஞ்சிய பாட்டில் தண்ணீர் நிறுவனத்துக்கு எதிரான வழக்கிலும், 1999-ல் அதே விதிதான் வென்றது. மாற்றுவது சட்டமன்றத்தின் வேலை என்று ஒதுங்கிக்கொண்டது கோர்ட்.

பண்ணைக்காரர்களுக்குச் சாதகம்

2012-ல் இன்னொரு திருப்பம். சுமார் 380 ஏக்கரில் ஓட்ஸ், நிலக்கடலை பயிரிட்டு மாடு வளர்க்க நினைத்த இரு நில உரிமையாளர்கள், எட்வர்ட்ஸ் நிலத்தடி நீர் ஆணையத்திடம் அனுமதி கேட்டார்கள். கிடைத்ததோ கேட்டதில் ஐம்பதில் ஒரு பங்கு! நிலத்துக்கு அடியிலுள்ள நீரும் நில உரிமையாளரின் சொத்துதான்; அளவுக்கு மீறிக் கட்டுப்படுத்தினால் அரசு இழப்பீடு தர வேண்டிவரலாம் என்றது அதே உச்ச நீதிமன்றம். ஈஸ்ட்டைக் கைவிட்ட நீதிமன்றம், இவர்களுக்குக் கைகொடுத்தது.

நமக்கு என்ன சம்பந்தம்?

நிறையவே இருக்கிறது. டெக்சாஸ் கோர்ட் எடுத்துக்கொண்ட விதி இங்கிலாந்துச் சட்டத்திலிருந்து வந்தது. அதே வேரில் கிளைத்ததுதான், 1882-ம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம். குறிப்பிட்ட தடத்தில் ஓடாத நிலத்தடி நீரை நில உரிமையாளர் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது அதன் 7-வது பிரிவு.

நிலத்துக்கு வேலி போடலாம். அடியில் ஓடும் தண்ணீருக்கு யார் வேலி போடுவது?