மழையில மலை: ஏத்தம் இல்ல, இறக்கம்தான் ஆபத்து

மழையில சைக்கிள்ல மலை ஏறணும்னாலே பலருக்குப் பயம். எனக்கு இறக்கம்தான் பயம். ஏறும்போது கால் உழைக்கிறதால உடம்பு சூடா இருக்கும். இறங்கும்போது மிதிக்கிற வேலையே இல்ல. நனைஞ்ச துணிமேல மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்துல காத்து அடிக்கும். விரல் மரத்துப்போனா பிரேக்கைப் பிடிக்க முடியாது.

1988 ஜிரோ டி இத்தாலியா பந்தயத்துல, பனி கொட்டின காவியா கணவாய் உச்சியை முதல்ல தாண்டினவர் யோஹான் வான் டெர் வெல்டே. போட்டிருந்தது அரைக்கை ஜெர்சி. இறக்கத்துல குளிர் தாங்காம நின்னுட்டார். அன்னைக்கு 40 நிமிஷத்துக்கு மேல பின்தங்கித்தான் முடிச்சார்.

டூர் போறீங்கன்னா உலர்ந்த சட்டை, கிளவுஸ், ரெயின் ஜாக்கெட் மூணையும் தண்ணி போகாத கவர்ல வெச்சுக்கோங்க. உச்சியில, உடம்பு சூடா இருக்கும்போதே மாட்டிடுங்க. நடுங்க ஆரம்பிச்சிட்டா ஜிப்பை இழுக்கக்கூட விரல் வளையாது.