கன்னத்து எலும்புக்குள் ஒரு வாசல்

ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித் தருவது ஜூலை முதல் செப்டம்பர் வரை வீசும் கச்சான் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைகளின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றி ஊவாப் பக்கம் இறங்குகிறது. அந்த வறட்சியில் செடி தவிக்கும்போதுதான் கொழுந்தில் மணம் ஏறுகிறது. மனித மூக்குக்கோ அந்தக் காற்று உகந்ததல்ல. ஒக்டோபரில் மழை தொடங்கினால் ஜனவரி வரை ஈரமும் குளிரும்தான். லயத்துக் கதவும் ஜன்னலும் சாத்தியே கிடக்கும். கவ்வாத்து மலையில் பொறுக்கி வந்த மிலாறு அடுப்பில் புகையும். காற்று திசை மாறினாலும் சிலருக்கு மூக்கு மட்டும் திறப்பதே இல்லை. கேட்டால் "பீனிசம்" என்பார்கள். "தலையில தண்ணி கோத்திருச்சு" என்றும் சொல்வார்கள்.

தலையில் தண்ணீர் கோப்பதில்லை. அங்கே இருப்பவை காற்றறைகள். கன்னங்களுக்குள், நெற்றிக்குள், மூக்குக்கும் கண்ணுக்கும் இடையில், இன்னும் ஆழத்தில் மண்டையோட்டின் அடித்தளத்தில் என்று நான்கு சோடி. இவைதாம் சைனஸ்கள். கன்னத்தறைதான் இவற்றில் பெரியது. லியனார்டோ டா வின்சி 1489இல் வரைந்த மண்டையோட்டுப் படங்களிலேயே இது தெரிகிறது. 1651இல் நத்தானியேல் ஹைமோர் என்ற ஆங்கில வைத்தியர் இதை விரிவாக விளக்கி எழுதினார்.

இந்தக் கன்னத்தறையில்தான் விஷயமே இருக்கிறது. அறையின் சுவர் எந்நேரமும் சளியைச் சுரக்கிறது. தூசியையும் கிருமியையும் பிடித்து வெளியேற்றுவதற்கான நல்ல சளி அது. அது வெளியேற வேண்டிய வாசல் சில மில்லிமீற்றர் அகலம்தான். அதுவும் அறையின் அடியில் இல்லை, கூரையை ஒட்டி மேலே இருக்கிறது. தண்ணீர்த் தாங்கிக்கு வெளியேறும் குழாயை அடியில் வைக்காமல் மூடிக்குப் பக்கத்தில் வைத்தது போன்ற அமைப்பு. நிற்கும் மனிதனின் கன்னத்தில் சளி தானாக வடிய வழியில்லை. அதைத் தூக்கி மேலே கொண்டுபோவது சுவரில் புல்போல் முளைத்திருக்கும் நுண்மயிர்கள். நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் ஒரே திசையில் அசைந்து, சளிப் படலத்தைப் புவியீர்ப்புக்கு எதிராக வாசல்வரை நகர்த்திவிடுகின்றன.

வாசல் வீங்கினால் இந்த வேலை நின்றுபோகும். தேங்கிய சளியில் ஒட்சிசன் குறையும், நுண்மயிர்கள் சோரும், கிருமிகள் பெருகும். அதனால் வீக்கம் இன்னும் கூடும். சாதாரணத் தடிமன் பத்து நாளில் போய்விடும். மூக்கடைப்பு அல்லது சளி, அதோடு முகத்தில் பாரம் அல்லது வாசனை தெரியாமை என்று 12 வாரங்களுக்கு மேல் நீடித்து, மூக்குக்குள் விட்டுப் பார்க்கும் உட்காட்டியிலோ ஸ்கானிலோ அழற்சியும் தெரிந்தால்தான் வைத்தியர்கள் அதை நாள்பட்ட சைனஸ் அழற்சி என்கிறார்கள்.

வாசலை வீங்கச் செய்பவை பல. வீட்டுத் தூசிப்பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் ஏற்படும் ஒவ்வாமை, மூக்குக்குள் வளரும் சதை, வளைந்த நடுத்தண்டு என்று எந்த ஊருக்கும் பொதுவான காரணங்கள் உண்டு. தோட்டத்தில் அவற்றோடு அடுப்புப் புகையும் சேர்ந்துகொள்கிறது. தொழிற்சாலையில் இன்னொன்றும் இருக்கிறது. கொழுந்தின் அடிப்புறத்தில் உள்ள மென்மயிர், தேயிலையைச் சலித்துத் தரம் பிரிக்கும்போது பஞ்சுத் தூசாகப் பறக்கும். நெஞ்சு நோய் நிபுணர் சி. ஜி. உரகொட இந்தத் தூசியால் டீமேக்கர் ஒருவருக்கு வந்த ஆஸ்துமாவைப் பற்றி 1970இல் பிரித்தானிய மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். 1980இல் இலங்கைத் தேயிலைத் தொழிலாளரின் சுவாச நோய்கள் பற்றி இன்னொரு கட்டுரையும் எழுதினார். அவர் ஆராய்ந்தது நெஞ்சை. ஆனால் நெஞ்சுக்குப் போகும் தூசி முதலில் மூக்கைத்தான் தாண்டிப் போக வேண்டும். நாள்பட்ட சைனஸ் உள்ளவர்களிடம் ஆஸ்துமாவும் கூடுதலாகக் காணப்படுகிறது. சலிக்கும் காம்பராவில் வேலை செய்பவர்களுக்கு நல்ல முகக்கவசமும் தூசியை இழுத்து வெளியேற்றும் விசிறியும் மருந்துக்கு முன்பே கிடைத்திருக்க வேண்டியவை. அவற்றைக் கேட்டு வாங்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

தலைவலியைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். சைனஸ் தலைவலி என்று தாங்களே நம்பிய, அல்லது வைத்தியர் சொல்லியிருந்த 2,991 பேரைப் பரிசோதித்த ஓர் ஆய்வு 2004இல் வெளிவந்தது. அவர்களில் 88 சதவீதமானோருக்கு இருந்தது மைக்ரேன் எனப்படும் ஒற்றைத் தலைவலியின் அறிகுறிகள். மூக்கில் சளியோ அடைப்போ இல்லாமல் நெற்றி மட்டும் விண்விண் என்று தெறித்தால், வெளிச்சம் கண்ணைக் கூசினால், குமட்டினால், வருடக்கணக்கில் ஆவி பிடித்தும் பயன் இருக்காது. அதற்கு வேறு மருந்து இருக்கிறது.

மூக்கடைத்தால் நாம் முதலில் செய்வது ஆவி பிடிப்பது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு, யூகலிப்டஸ் இலையோ நொச்சியோ போட்ட பானைமேல் குனிவோம். இல்லையென்றால் சித்தாலேப தடவுவோம். உடனே மூக்கு திறந்ததுபோல் இருக்கும். அந்த உணர்வு உண்மைதான். திறந்தது என்பதுதான் உண்மையில்லை. மென்தோல் போன்ற வாசனைப் பொருள்கள் மூக்குத்தோலில் குளிர்ச்சியை அறியும் நரம்பு முனைகளைத் தூண்டுகின்றன. காற்று தாராளமாகப் போவதாக மூளை நினைத்துக்கொள்கிறது. அளந்து பார்த்தால் காற்றோட்டம் அவ்வளவாக மாறியிருப்பதில்லை. இரவு தூங்குவதற்கு அந்த ஆறுதல் உதவுமென்றால் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கொதிநீர்ப் பானை கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோகும் ஆபத்து இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு ஆவி பிடிக்க வைக்காதீர்கள்.

பாமசியில் வாங்கும் மூக்கடைப்புச் சொட்டு மருந்து நிஜமாகவே திறக்கும். இரத்தக் குழாய்களைச் சுருக்கித் திறக்கும். ஐந்து நாளுக்கு மேல் போட்டால், மருந்தின் வேகம் இறங்கும் ஒவ்வொரு முறையும் மூக்கு முன்னிலும் மோசமாக அடைக்கும். பிறகு சொட்டே நோயாகிவிடும்.

வாசலுக்கு உண்மையில் உதவுவது உப்புத் தண்ணீர். யோகத்தில் ஜலநேதி என்று பழைய காலத்திலிருந்தே செய்துவந்ததுதான். 2016இல் வெளிவந்த இங்கிலாந்து ஆய்வொன்றில், நாள்பட்ட சைனஸ் தொல்லை உள்ள 871 பேரிடம் ஆவியையும் மூக்குக் கழுவலையும் ஒப்பிட்டார்கள். ஆவி தலைவலியைச் சற்றுக் குறைத்ததோடு சரி. கழுவியவர்களுக்கு ஆறு மாதத்துக்குப் பிறகும் ஓரளவு பலன் இருந்தது. பெரிய அற்புதமில்லை. ஆனால் செலவில்லாதது, வீட்டிலேயே செய்யக்கூடியது.

250 மில்லிலீற்றர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு சிட்டிகை அப்பச்சோடா. பீலித் தண்ணீரையோ குழாய்த் தண்ணீரையோ அப்படியே எடுக்கக் கூடாது. ஒரு நிமிடமாவது தளதளவென்று கொதித்து ஆறியிருக்க வேண்டும். குடித்தால் ஒன்றும் செய்யாத ஒருவகை அமீபா மூக்கு வழியாக மூளைக்கு ஏறினால் உயிரை எடுத்துவிடும். அமெரிக்காவின் லூசியானாவில் 2011இல் குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவிய இருவர் அப்படித்தான் இறந்தார்கள். முன்னால் குனிந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாயால் மூச்சு விட்டபடி, ஊசி நீக்கிய சிரிஞ்சால் மேல்பக்க மூக்கில் மெதுவாக விடுங்கள். மறுபக்கத்தால் வழியும். முடிந்ததும் மெல்லச் சிந்துங்கள். காது வலித்தால் நிறுத்துங்கள். சிரிஞ்சைக் கழுவிக் காயவையுங்கள்.

கழுவிய மூக்கில்தான் ஸ்டெரொயிட் ஸ்ப்ரே நன்றாக வேலை செய்யும். வலது மூக்குக்கு இடது கையால், நடுத்தண்டை நோக்காமல் காதுப் பக்கமாக அடிக்க வேண்டும். பலமாக உறிஞ்சக் கூடாது. பலன் தெரியச் சில வாரங்களாகும். பலர் நான்காம் நாளே "இது சரிவரல்ல" என்று வைத்துவிடுகிறார்கள். சளி பச்சையானதும் அன்டிபயோட்டிக் கேட்பதும் பிழை. அந்தப் பச்சை, கிருமியோடு போராடும் நம் வெள்ளை அணுக்களில் உள்ள ஒரு நொதியின் நிறம். வைரஸ் தடிமனிலும் அது வரும்.

இவ்வளவுக்கும் மூன்று மாதத்தில் அடங்காவிட்டால் பதுளைப் பெரியாஸ்பத்திரியின் காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்குப் போங்கள். லுணுகலையிலிருந்தோ கொஸ்லந்தையிலிருந்தோ போய்வர ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போகும் என்பது தெரியும். அதனால்தான் பலர் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றச் சளி வந்தால் பல் வைத்தியரையும் பாருங்கள். மேல் கடைவாய்ப் பல்லின் வேர் கன்னத்தறையின் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. கண்ணைச் சுற்றி வீங்கினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ அன்றைய தினமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சிலருக்குச் சத்திரசிகிச்சை தேவைப்படும். முன்பெல்லாம் கன்னத்தறையின் அடியில் புதிதாக ஒரு துளை போடுவார்கள். சளி தானாக வடிந்துவிடும் என்ற நம்பிக்கை. ஒஸ்திரியாவின் கிராஸ் நகரில் வால்ற்றர் மெஸர்கிளிங்கர் நுண்மயிர்களின் பாதையைப் பின்தொடர்ந்து பார்த்தார். சளி புதுத் துளையைத் தாண்டி மேலே ஏறி, பழைய வாசலைத்தான் தேடிப்போனது. அதன்பின் உட்காட்டியை விட்டு இயற்கையான அந்த வாசலையே அகலமாக்கும் முறை 1980களில் உலகெங்கும் பரவியது. அகன்ற வாசல் வழியாக உப்புத் தண்ணீரும் ஸ்ப்ரேயும் முன்பு எட்ட முடியாத அறைக்குள்ளேயே போய்ச் சேர்கின்றன. சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போதும் மூக்கைக் கழுவுவதை நிறுத்த வேண்டாம் என்று வைத்தியர்கள் சொல்வது இதனால்தான்.