சுண்ணாம்பும் பஞ்சும்: வகுப்பறையில் சொல் தெளியும் விதம்

முன்னொரு யுகத்தில் கடலடியாக இருந்த அரியலூர்ப் பூமியில் படிந்த சுண்ணாம்புக்கல்தான், இன்று ஆலைகளில் சிமெண்டாகி, வீடுகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் சுவராக எழுந்து நிற்கிறது. வெயிலையும் மழையையும் தாங்கும் அச்சுவர், தன்மேல் விழும் சப்தத்தை மட்டும் ஏற்றுக்கொள்ளாமல் ஏறக்குறைய முழுவதும் திருப்பி அனுப்பிவிடுகிறது. பிள்ளைகள் வருமுன் வெற்று வகுப்பறையில் கை தட்டினால், ஒலி சுவருக்குச் சுவர் மோதி உலவுவதைக் கேட்கலாம், இதுவே எதிர்முழக்கம். முன் சொன்ன சொல்லின் வால் அடங்குமுன் பின்வரும் சொல் அதன்மேல் விழுந்தால், மெல்லிய மெய்யெழுத்துகள் மறைந்து பொருள் கலங்கிவிடும்.

1895-ல் ஹார்வர்டு சர்வகலாசாலையில், பேச்சு விளங்காத விரிவுரை மண்டபம் ஒன்றைச் சீர்ப்படுத்தும் பொறுப்பு வாலஸ் சபின் என்ற இளம் பௌதிக ஆசிரியரிடம் வந்தது. அங்கே ஒரு சொல் அடங்க ஐந்தரை விநாடி ஆயிற்று. வேறொரு அரங்கின் மெத்தைகளை இரவில் கொண்டுவந்து அடுக்கி அளந்த அவர், மெத்தையைப் போலவே மனித சரீரமும் அதன்மேல் உடுத்த வஸ்திரமும் சப்தத்தை விழுங்குவதைக் கண்டு, அதற்குக் கணக்கும் வகுத்தார்.

அக்கணக்கின்படி, நீள அகலம் ஆறு மீட்டரும் உயரம் மூன்று மீட்டரும் உள்ள சிமெண்டு அறையில், இரண்டு ஜன்னல்கள் திறந்திருந்தாலும், எதிர்முழக்கம் சுமார் இரண்டரை விநாடி நீடிக்கும். நாற்பது பிள்ளைகள் வந்து அமர்ந்ததும் அது ஒரு விநாடிக்கும் கீழே இறங்கிவிடும். ஆயினும் அமெரிக்க நியமம் சிறிய வகுப்பறைக்கு, அதுவும் ஆளில்லாதபோதே, 0.6 விநாடிக்கு மேல் அனுமதிப்பதில்லை.

சப்தத்தை விழுங்கும் அதே பிள்ளைகள்தாம் அதைப் பிறப்பிப்பவர்களும். நாற்பது பேரின் முணுமுணுப்பும் பெஞ்சு நகரும் ஓசையும் மின்விசிறியின் இரைச்சலும் சேர, ஆசிரியர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துகிறார், தொண்டை வறள்கிறது, கடைசி பெஞ்சுக் குழந்தைக்கோ பாதிச் சொல்தான் எட்டுகிறது. அக்குழந்தையை மந்தபுத்தி என்று நாம் தீர்மானித்துவிடுவது எத்தனை பெரிய அநியாயம்!

பரிகாரம் தூரத்தில் இல்லை. பெரம்பலூர் வயல்களில் பருத்தி விளைகிறது. பஞ்சு திணித்த தடித்த துணித் திரைகளைப் பின்சுவரிலிருந்து சிறிது இடைவெளி விட்டுத் தொங்கவிடலாம். ஆசிரியர் பிள்ளைகளின் நடுவே வந்து நின்று பேசலாம். கரும்பலகையின் எழுத்து கடைசி பெஞ்சுக்குத் தெரிகிறதா என்று பார்க்கும் நாம், ஆசிரியரின் சொல் அங்கே கேட்கிறதா என்பதையும் ஒரு நாள் அங்கேயே அமர்ந்து சோதித்துப் பார்ப்போமாக.