இரண்டிரண்டாகத் தெரிகிறதா? விழுங்க முடியலையா? தாமதிக்காதீங்க!

2025 தொடக்கத்தில் புனேயில் பலரைப் பாதித்து, செய்திகளில் அடிபட்ட நரம்பு நோய் 'கில்லன் பாரே சிண்ட்ரோம்' (ஜி.பி.எஸ்.). கால் மரத்து, பலம் குறைந்து, அது மெல்ல மேலே ஏறும் என்றுதான் பலரும் கேள்விப்பட்டிருப்போம். ஆனால் சிலருக்கு, அரிதாக, இது கண்ணிலோ முகத்திலோ தொண்டையிலோ ஆரம்பிக்கும். கால் நல்லாத்தானே இருக்கு என்று இருந்துவிடக் கூடாது.

ஏன் வருகிறது?

சளி, காய்ச்சல் அல்லது வயிற்றுப்போக்கு வந்துபோன சில நாட்கள் முதல் சில வாரங்களுக்குள், கிருமியை எதிர்க்க உருவான நோய் எதிர்ப்பு சக்தி நம் நரம்புகளையே தாக்கிவிடுகிறது. மூளையிலிருந்து நேராகக் கிளம்பும் 12 ஜோடி நரம்புகளில் எது பாதிக்கப்படுகிறதோ, அதற்கேற்ப அறிகுறி மாறும். இந்த நோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது.

எப்படித் தெரியும்?

• மில்லர் ஃபிஷர் வகை: பார்ப்பது இரண்டாகத் தெரியும், கண் சரியாக அசையாது, நடை தள்ளாடும். 1956-ல் இதை விவரித்த மருத்துவரின் பெயரால் அழைக்கப்படுகிறது.
• பிக்கர்ஸ்டாஃப் வகை: இதே அறிகுறிகளோடு அரைத்தூக்கம், குழப்பம்.
• தொண்டை, கழுத்து, தோள் வகை: விழுங்க முடியாது, பேச்சு குழறும், தலையைத் தூக்குவதே சிரமம்.
• முக வகை: முகத்தின் இருபுறமும் தளரும், கை, கால் விரல்களில் மதமதப்பு. 

என்ன செய்யணும்?

மூச்சுத்திணறல், விழுங்க முடியாமை, திடீரென முகம் கோணுதல், பேச்சு குழறல் என எது வந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். இது பக்கவாதமாகவும் இருக்கலாம். எதுவென்று வீட்டில் ஆராய வேண்டாம். விழுங்கச் சிரமப்படுபவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காதீங்க. சமீபத்தில் வந்த காய்ச்சல், வயிற்றுப்போக்கு பற்றி மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

நரம்பியல் பிரிவும் தீவிர சிகிச்சை வசதியும் உள்ள மருத்துவமனையே நல்லது. தேவைப்படுவோருக்கு ஐ.வி.ஐ.ஜி. என்ற ஊசி மருந்தோ, பிளாஸ்மா மாற்று சிகிச்சையோ தருவார்கள். இதைச் சீக்கிரம் தொடங்குவதுதான் முக்கியம். மில்லர் ஃபிஷர் வகை வந்தவர்களில் பெரும்பாலானோர் சில மாதங்களில் நன்றாகத் தேறிவிடுகிறார்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எந்தச் சிகிச்சைக்கு உதவி கிடைக்கும் என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள்.